நிற்க வைக்கும் பாட்டு

சிங்கப்பூரின் தேக்கா உணவுக் கடையில் ஆளுக்கொரு தேநீர் வாங்கிக்கொண்டு உட்காருவோம். நுரையோடு ஆவி பறக்கிறது; ஆறக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் ஒரு மேடையின் கதையைப் பேசிவிடலாம். அது தூரத்தில் இல்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கிளார்க் கீ. அங்கிருந்து சிறிது நடந்தால் ஹோங் லிம் பூங்கா. ஆண்டுக்கொருமுறை, பெரும்பாலும் ஜூன் மாதச் சனிக்கிழமையொன்றில், ‘பிங்க் டாட்’ நடக்கும் இடம் அதுதான். பால்புதுமையினரும் அவர்களுடைய பெற்றோர், நண்பர்களும் கூடும் விழா. முதல் கூட்டம் 2009 மே 16 அன்று. வந்தவர்கள் சுமார் 2,500 பேர். 2014இல் 26,000 பேர் என்பது ஏற்பாட்டாளர்களின் கணக்கு.

இத்தகைய ‘பிரைட்’ விழா என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் வருவது ஊர்வலம். வானவில் கொடி, பறை, நடுத்தெருவில் ஆட்டம். சென்னையில் அதே 2009 ஜூனில் மெரினாவில் அப்படித்தான் நடந்தார்கள். எனவே இங்கே மேடையையும் பாட்டையும் பார்த்ததும், “ஊர்வலம்தான் இல்லை, ஒரு கச்சேரியாவது வைத்தார்களே” என்று நினைத்துவிடுகிறோம். மேடையை ஊறுகாய் என்று எண்ணுகிறோம். உண்மையில் இலையில் இருக்கும் சோறே அதுதான். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் ஒரு கருத்துக்காகத் தெருவில் நடக்கக் காவல்துறை அனுமதி வேண்டும்; தனியாளாக நின்றாலும் வேண்டும். அதற்கு விலக்காக 2000 செப்டம்பரில் ஹோங் லிம் பூங்காவில் ‘ஸ்பீக்கர்ஸ் கார்னர்’ திறந்தார்கள், பேச்சாளர் முனை என்று வைத்துக்கொள்ளலாம். 2008 செப்டம்பரில் விதி இன்னும் தளர்ந்தது. குடிமக்கள் தேசியப் பூங்காக் கழகத்திடம் பதிந்துகொண்டால் அங்கே ஆர்ப்பாட்டமே நடத்தலாம் என்றானது. எட்டே மாதத்தில் பிங்க் டாட் வந்தது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதிலும் பேசலாம், தமிழும் சேர்த்துத்தான். சமயத்தைத் தொடக் கூடாது. ஒலிபெருக்கி காலை 9 முதல் இரவு 10.30 வரை. இவையெல்லாம் பூங்காவுக்குள் மட்டுமே செல்லும். பூங்காவோ ஒரு ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. அங்கே எங்கே நடப்பது? நிற்கத்தான் முடியும்.

நகரும் கூட்டத்துக்கு ஒரு சட்டம், நிற்கும் கூட்டத்துக்கு ஒரு சட்டம் என்பது நமக்குப் புதிதல்ல. தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் வரை காவடி போகும் வழியில் 1973இல் இசைக்குத் தடை வந்தது. 2016இல் தளர்த்தியபோது என்ன செய்தார்கள்? வழியில் மூன்று இடங்களில் மேடை போட்டு, அங்கே மட்டும் நேரடி இசை. காவடி நகரலாம், மேளம் ஓரிடத்தில் இருக்கட்டும் என்ற ஏற்பாடு. தைப்பூசமும் பிங்க் டாட்டும் ஒன்றல்ல. ஆனால் இந்த ஊர் இசையை எப்படிக் கையாள்கிறது என்பது இரண்டிலும் தெரிகிறது.

இனி இசை செய்யும் வேலைக்கு வருவோம். காவடி தூக்குபவருக்கு மேளம் கால் கொடுக்கிறது. அடுத்த அடியை வைக்க வைக்கிறது. ஹோங் லிம்மில் வேலை நேர்மாறானது. வந்தவர்களைப் போகாமல் நிற்க வைக்க வேண்டும். விழாவின் உச்சம், எல்லோரும் இளஞ்சிவப்பு விளக்கை உயர்த்தி, மேலிருந்து பார்த்தால் ஒரே புள்ளியாகத் தெரியும் கணம். நாட்டுக் கொடியின் சிவப்பும் வெள்ளையும் கலந்தால் வரும் நிறம் அது. குடிமக்களின் அடையாள அட்டையும் அதே நிறம். முதல் மூன்று ஆண்டுகள் புள்ளி பகலிலேயே உருவானது. 2012 முதல் இரவுக்கு மாறியது. இங்கே சூரியன் மறைய ஏழு மணிக்கு மேலாகிறது. பிற்பகலில் பாய் விரித்து உட்கார்ந்தவர் இருட்டும்வரை ஏன் இருக்க வேண்டும்? வெயில், வியர்வை, திடீர் மழை, எதிரே சாப்பாட்டுக் கடைகள். அந்த இடைவெளியை நிரப்புவது மேடைதான். பாட்டு, ஆட்டம், நடுவே ஒருவர் தன் கதையைச் சொல்வது, மறுபடி பாட்டு. ஊர்வலத்தில் கால்கள் செய்வதை இங்கே நிகழ்ச்சி நிரல் செய்கிறது.

சத்தத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். நம் ஊர்த் திருவிழாவில் தெரு நெடுகக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒரே பாட்டு ஒரு காதில் முன்னாலும் மறு காதில் பின்னாலுமாக விழும், சொல் புரியாது. காரணம் எளிது. கம்பியில் மின்சாரம் கண் இமைப்பதற்குள் ஓடிவிடும். காற்றில் ஒலி, நம் வெக்கையில், விநாடிக்கு 350 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி ஒரு ஒலிபெருக்கியை வைத்தால், மேடையின் குரல் அங்கே வந்து சேருமுன் பத்தில் ஒரு விநாடி முந்திக்கொண்டு அது பாடிவிடும். எனவே சவுண்டுக்காரர் அந்தப் பெட்டியை மட்டும் அதே அளவு தாமதப்படுத்துகிறார். பந்தியில் கடைசி இலைக்காரர், முதல் இலையில் தொடங்கும் பரிமாறல் தன்னிடம் வரும்வரை கைவைக்காமல் காத்திருப்பது போல. ஆயிரக்கணக்கானோர் ஒரே கணத்தில் விளக்கை உயர்த்த வேண்டிய இடத்தில் இந்தச் சின்னக் காத்திருப்பு பெரிய விஷயம்.

மேடை என்றதும் குமாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. குமாரசன் சின்னத்துரை, நம் ஊர் நகைச்சுவைக் கலைஞர். பூங்காவில் இப்படிக் கூடலாம் என்று யாரும் நினைக்காத 1990களில், பூகிஸ் பக்கம் ‘பூம் பூம் ரூம்’ என்ற இரவு விடுதியில் சேலையும் ஒப்பனையுமாக ஏறி ஊரையே சிரிக்க வைத்தவர். ஆனால் அது நுழைவுச்சீட்டு வாங்கிப் போகும் இருட்டறை. வெட்டவெளிப் புல்தரையில், குழந்தையைத் தோளில் வைத்தபடி பார்க்கும் மேடை வேறு. இடையில் சட்டமும் மாறியது: ஆண்களின் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 1938ஆம் ஆண்டின் 377ஏ பிரிவை நீக்க 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் வாக்களித்தது.

தேநீரின் கடைசி மடக்கு வந்துவிட்டது. 2017 விழாவுக்குள் விதி இறுகி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கூட்டத்தில் இருக்கலாம் என்றானது. பூங்காவைச் சுற்றித் தடுப்பு வைத்து, வாசலில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஆக, இந்தத் தேக்காவில் நம் பக்கத்து மேசையில் பரோட்டா பிய்த்துக்கொண்டிருக்கும், வேலை அனுமதியில் வந்த தம்பி, விரும்பினாலும் அந்தப் புல்லில் உட்கார முடியாது. தடுப்புக்கு வெளியே நடைபாதையில் போகும்போது பாட்டு அவர் காதில் விழும், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தைச் சரிசெய்யும் பெட்டி சவுண்டுக்காரரிடம் இல்லை.