திராட்சைத் தோட்டத்தில் களை நீக்கும் கத்தி

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் சிறியவை. கொடிகளை ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் நடுவதால் ஹெக்டேருக்குச் சுமார் 10,000 கொடிகள் நிற்கும். சாதாரண டிராக்டர் இங்கே நுழையாது. சக்கரங்கள் வரிசையின் இருபுறமும் உருள, கொடிகளின் தலைக்கு மேலாகச் செல்லும் உயரமான டிராக்டரே பயன்படுகிறது.

வரிசைகளுக்கு நடுவிலுள்ள களையைக் கலப்பை நீக்கிவிடும். தொல்லை தருவது தண்டுகளுக்கு இடையிலுள்ள குறுகிய நிலமாகும். அங்கே மருந்து தெளிப்பது எளிது. ஆயினும் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியின் பயன்பாட்டைப் பிரான்சு 2020-இல் கட்டுப்படுத்தியது. எனவே கத்தியின் தேவை மிகுந்தது.

கத்திக்கு முன்னால் உணர்கோல் ஒன்று நீண்டிருக்கும். அது தண்டைத் தொட்டதும் எண்ணெய் அழுத்தத்தால் கத்தி விலகும். தண்டைக் கடந்ததும் மீண்டும் உட்புகும்.

இதனை அமைப்பதில் கவனிக்க வேண்டியவை மூன்று. கத்தி சில சென்டிமீட்டர் ஆழமே செல்ல வேண்டும். மிகுந்தால் வேர் அறும். கோல் மெல்லத் தொட்டாலே இயங்க வேண்டும். சுருள்வில் இறுகியிருந்தால் இளங்கொடி சாயும். வண்டியின் வேகம் கத்தி விலகும் வேகத்துக்கு இசைய வேண்டும். விரைந்தால் தண்டு வெட்டுப்படும்.

களை மீண்டும் முளைக்கும். பல பத்தாண்டுகள் காய்க்க வேண்டிய கொடியோ ஒரே வெட்டில் மடியக்கூடும். ஆதலால் முதல் வரிசையில் சில அடி ஓட்டி, இறங்கிப் பார்த்தபின் தொடர்வதே அறிவுடைமை.