‘வா’ என்றால் ஓடும் நாய்

பர்கூர்ப் பக்கத்து நாய்களுக்கு மூன்று மொழி பழக்கம். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், லாரியில் வந்து இறங்குபவரிடம் கன்னடம். ‘வா’, ‘ரா’, ‘பா’ எதைச் சொன்னாலும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு நாய் மட்டும் ‘வா’ என்றால் ஓடிப்போகும்.

நாலு வயது, அல்சேஷன் கலப்பு. கிரானைட் பாலிஷ் பட்டறை ஒன்றில் காவல். இரவில் அவிழ்த்து விடுவார்கள். விடிந்ததும் கட்டுவதற்கு ‘வா’ என்று கூப்பிட்டால் கல் அடுக்குகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு ஆட்கள் சேர்ந்து வளைத்துப் பிடிக்க வேண்டும். “சரியான திமிர் புடிச்ச நாய்ங்க. குட்டியிலயே பழக்கியிருக்கணும். இனிமே எங்க திருந்தப் போவுது?” என்றார் முதலாளி.

திமிர் நாய்க்கா, பழக்கிய விதத்துக்கா என்பதுதான் கேள்வி. இந்த ஊர் நாயை வேலைக்குப் பழக்கிய விதம் இரண்டு தலைமுறையில் இரண்டு முறை மாறியிருக்கிறது.

அன்று, அதாவது சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன், இங்கே நாய்க்கு இருந்த வேலை இரண்டு: மாந்தோப்புக் காவல், ஆட்டுப்பட்டிக் காவல். சாதி, ரகம் என்று எதுவும் பார்ப்பதில்லை. வீட்டில் கிண்டிய கேழ்வரகுக் களியில் ஓர் உருண்டை அதற்கு. பாடம் நடத்தியவர் யாருமில்லை. குட்டியைப் பட்டியில் விட்டால் ஆட்டுக்குட்டிகளோடு உருண்டு புரண்டு வளரும். பெரிய நாய் எதைப் பார்த்துக் குரைக்கிறது, எதைக் கண்டுகொள்ளாமல் படுத்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் படியும். “நாய்க்கு எதுக்குப்பா பள்ளிக்கூடம்? கூடவே வச்சிருந்தா தானா வந்துடும்” என்று தோப்புக்காரப் பெரியப்பா ஒருவர் சொல்வார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நரியைத் துரத்துவதும் காய் பறிக்க வந்த பையன்களைப் பார்த்துக் குரைப்பதும் நாய்க்குத் தானாகவே பிடித்த காரியங்கள். வேலையே அதற்குக் கூலி. படியாத நாயை யாரும் திருத்த முயலவில்லை; அது தோப்பை விட்டு ஊருக்குள் போய் வேறு வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் ‘முரட்டு நாய்’ குறைவு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். முரண்டு பிடித்தவை கணக்கிலேயே வரவில்லை.

பிறகு மதில் சுவர்கள் எழுந்தன. சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிரானைட் பட்டறைகள், மாங்கூழ் ஆலைகள், சிப்காட் தொழிற்சாலைகள், ஜவுளிக் கிடங்குகள். மதிலுக்குள் காவல் என்றதும் பெங்களூரிலிருந்து அல்சேஷனும் டாபர்மேனும் ராட்வீலரும் வந்து இறங்கின. வேலையின் தன்மையே மாறியது. பகல் முழுக்கச் சங்கிலி, ராத்திரி முழுக்க வெற்று முற்றம். துரத்த நரி இல்லை, கூட ஓட ஆடு இல்லை. ‘உட்கார்’ என்றால் உட்கார வேண்டும், ‘இரு’ என்றால் இருக்க வேண்டும். நாய்க்குத் தானாகப் பிடித்தது எதுவும் இந்தப் பட்டியலில் கிடையாது. அதனால் வெளியிலிருந்து ஒரு விசை தேவைப்பட்டது. சோக் செயின் வந்தது. கழுத்தில் மாட்டி, கேட்காவிட்டால் ஒரு சுண்டு சுண்டுவது.

இது பர்கூரின் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மானிய போலீஸ் நாய்களைப் பழக்கிய கோன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேட்டிலிருந்து, அமெரிக்காவின் வில்லியம் கோலர் 1962இல் எழுதிய புத்தகம் வரை, உலகம் முழுக்க இதுதான் பாடம்: தவறினால் வலி, பணிந்தால் பாராட்டு. போலீஸ், ராணுவ மைதானங்களில் பிறந்த முறை, அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் வழியாகப் பட்டறை வாசல் வரை வந்து சேர்ந்தது. பயந்த சுபாவமுள்ள நாய் இதில் ஒடுங்கிப் போகும். துணிந்த நாய் எதிர்த்து நிற்கும். இரண்டையும் நாம் ‘அடம்’ என்ற ஒரே பெயரில் எழுதி வைத்தோம்.

மாற்றம் வந்த வழி வேடிக்கையானது. டால்பினுக்குக் கழுத்துச் சங்கிலி போட முடியாது. பிடிக்காவிட்டால் அது பாட்டுக்கு நீந்திப் போய்விடும். 1940களில் உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரெலண்டும் மேரியன் பிரெலண்டும், சரியாகச் செய்த அந்த நொடியை ஒரு சத்தத்தால் குறித்துக் காட்டி உடனே தீனி கொடுத்தால் பலவகை விலங்குகளும் கற்கும் என்று செய்து காட்டினார்கள். 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர், விசிலும் மீனுமாகக் கற்றதை 1984இல் புத்தகமாக்கினார். அதன் பிறகுதான் நாய்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2008இல் வெளியான, பெல்ஜியத்தில் 33 ராணுவ நாய்–பயிற்சியாளர் ஜோடிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மதிப்பெண் குறைந்த நாய்கள்தான் அதிகத் தண்டனை வாங்கிக்கொண்டிருந்தன என்று தெரிந்தது. அடித்ததால் சரியாகச் செய்யவில்லையா, செய்யாததால் அடித்தார்களா என்று வாதிடலாம். அடி அவற்றைத் திருத்திவிடவில்லை என்பதில் வாதம் இல்லை.

நமக்குப் பக்கத்திலும் காற்று மாறியது. ஓசூரைத் தாண்டி, பெங்களூரின் தென்புறம் தரளுவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை 2011இல் நாய் வளர்ப்பு, பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே முன்னணிக்கு வந்த ரகம் பெல்ஜியன் மாலினாய்ஸ். உலகெங்கும் இந்த ரகத்தை வேலை செய்ய வைப்பது பெரும்பாலும் ஒரு பந்து, அல்லது கடித்து இழுக்க ஒரு துணிச்சுருள். வெடிகுண்டைத் தேடும்போது நாய் தேடுவது தன் பந்தைத்தான். குண்டைக் கண்டுபிடித்தால் பந்து வரும் என்ற கணக்கு.

நம் பட்டறை நாய்க்கு வருவோம். ஓசூரிலிருந்து வந்த பயிற்சிக்காரத் தம்பிக்கு வயது முப்பது இருக்கும். முதல் நாள் அவர் நாயைத் தொடவே இல்லை. “முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க அண்ணா. காது, பல்லு, இடுப்பு, உண்ணிக் காய்ச்சல். வலி இருக்கற நாய் உக்கார மாட்டேங்குறதுக்குப் பேரு அடம் இல்ல” என்றார். இரண்டாம் நாள் விடியலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அன்றே அவருக்கு விடை கிடைத்துவிட்டது. நாலு வருஷமாக ‘வா’ என்ற சொல்லுக்குப் பின்னால் வந்தது ஒன்றே ஒன்று: சங்கிலி. வராவிட்டால் கூடவே ஒரு அடி. நாய் மிகச் சரியாகப் பாடம் படித்திருந்தது. ‘வா’ என்றால் ராத்திரியின் சுதந்திரம் முடிந்தது என்று அர்த்தம்.

“இந்தச் சொல்லு கெட்டுப் போச்சு. தூக்கிப் போட்ருங்க” என்றார். அதுவரை யாரும் அதனிடம் சொல்லாத ‘ரா’வைக் கையில் எடுத்தார்.

காலைச் சாப்பாட்டைத் தட்டில் வைப்பதை நிறுத்தி, அதே அளவைக் கையால் கொடுக்கச் சொன்னார். பட்டினி போடவில்லை, சாப்பாட்டையே சம்பளமாக்கினார். வேகவைத்த கோழி ஈரல், நிலக்கடலை அளவுத் துண்டுகள். கல் சூடேறுவதற்குள், ஆறு மணிக்கே ஆரம்பம். இரண்டடி தூரத்தில் நின்று ‘ரா’. தலை திரும்பியதும் ‘சரி’ என்று ஒரு சொல், அந்த நொடியே ஈரல். ஐந்தாறு தடவை. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, நிறுத்திவிட்டார். நாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. “இன்னும் வேணும்னு பாக்கறப்பவே முடிச்சிடணும்” என்றார். வளர்ந்த நாயிடம் எல்லாரும் செய்யும் தவறு, அது சலித்துப் போகும்வரை இழுத்தடிப்பது.

நாலாம் நாள் நாய் புளியமரத்தடியை மோந்து பார்க்க இழுத்தது. அவர் தடுக்கவில்லை. பக்கத்திலேயே மூன்று அடி ஒழுங்காக நடந்ததும் ‘போ’ என்று விட்டார். டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் 1959இல் எழுதிய விதி இது. பிடித்த வேலையைப் பிடிக்காத வேலைக்குக் கூலியாக்கலாம். நம் வீட்டில் ‘கணக்குப் போட்டுட்டு விளையாடப் போ’ என்று சொல்லும் அம்மாவுக்கும் இது தெரியும். பிறகு ஒரு பழைய சாக்கை முறுக்கி இழுபறி ஆட்டம். முதலில் நாய் விலகி நின்றது. அவர் வேண்டுமென்றே தோற்றார். மூன்றாவது முறை தோற்றபோது, நாலு வயது நாய் சாக்கைக் கவ்விக்கொண்டு பட்டறை முழுக்க ஓடியது. அது ஓடியதைப் பார்த்து முதலாளி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முக்கியமான விதி கடைசியில் வந்தது. பத்துத் தடவை ‘ரா’ சொன்னால் ஒரு தடவைதான் சங்கிலி. மற்ற ஒன்பதிலும் ஈரலோ சாக்கோ கொடுத்துத் திரும்ப அவிழ்த்து விட வேண்டும். கூப்பிட்டால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கைக் கணக்கில் வரவு எப்போதும் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

இன்று எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. கழுத்தை நெரிக்கும் செயின் கடையில் இன்னும் தொங்குகிறது. இரண்டு மாதம் நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பழகிய நாயாக வாங்கிக்கொள்ள நினைப்பவர்கள்தான் அதிகம். அப்படித் திரும்பும் நாய் பயிற்சிக்காரர் சொன்னால் கேட்கும், வீட்டுக்காரர் சொன்னால் கேட்காது. கூலி கொடுத்தவர் யாரோ அவருக்குத்தானே வேலை? தோப்புக்காரப் பெரியப்பா சொன்ன ‘கூடவே வச்சிருக்கறது’ இங்கே திரும்பி வருகிறது. நாய்க்குப் பிடித்த வேலையை அவர் அறியாமலே கொடுத்தார். பிடிக்காத வேலையைப் பிடிக்கவைக்க இப்போது நாம் தெரிந்தே கூலி கொடுக்கிறோம். நடுவில் முப்பது வருஷம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கப் பார்த்தோம். அதற்குத்தான் ‘அடம்’ என்று பெயர் வைத்தோம்.

ஆறு வாரம் ஆகிவிட்டது. ‘ரா’ என்றால் கல் அடுக்கின் மறுகோடியிலிருந்து அந்த நாய் ஓடி வருகிறது. ‘வா’ என்றால் இன்றைக்கும் ஒளிந்துகொள்கிறது. பட்டறைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள்: ‘நாயை வா என்று கூப்பிடாதீர்கள்.’