பன்றி எழுதி வைக்கிற லெட்டர்

நைட் ஷிஃப்ட் முடிச்சு ஒரகடத்துல இருந்து கம்பெனி பஸ்ல வந்து, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு நடக்கிறவங்க இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. காலி மனை, நடுவுல ஒரு எல்லைக்கல், பக்கத்துல சாக்கடை. ஒரு கறுப்புப் பன்றி சேத்துல புரண்டு எழுந்து வந்து அந்தக் கல்லுல விலாவைத் தேய்ச்சுட்டுப் போச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு வந்தது. அதே கல்லை நிதானமா மோந்து பார்த்துட்டு, அதுவும் தேய்ச்சது.

அரிப்புன்னுதான் நெனச்சேன். அரிப்பும்தான். ஆனா அந்தக் கல்லு ஒரு தபால்பெட்டியும்கூட.

தெருப் பன்றியும் காட்டுப்பன்றியும் ஒரே இனம்தான், சூஸ் ஸ்க்ரோஃபா. ரெண்டுக்கும் கண் பார்வை சுமார், மூக்கு அபாரம். 2012-ல வெளியான பன்றி மரபணுத் தொகுப்புல வாசனை ஏற்பிகளுக்கான மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல இருந்தது. நமக்குச் சுமார் 400.

லெட்டர் எழுத மை எங்கே? முன்னங்கால் மணிக்கட்டுக்குப் பின்னால, உள்பக்கமா, வரிசையா சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அது ஒரு சுரப்பி. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆணுக்குக் குறிக்கு முன்னால தோலுக்குள்ள ஒரு பையும் இருக்கு. அதுல தேங்குற திரவத்தோட நாத்தத்தை நான் விவரிக்கப் போறதில்லை, நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கலாம்.

முக்கியமான சரக்கு வாயில. ஆண் பன்றி தாடையைக் கடகடன்னு அசைச்சு நுரை தள்ளும். அந்த நுரையில ஆண்ட்ரோஸ்டீனோன்னு ஒரு பொருள் இருக்கு. விரையில உருவாகி, ரத்தம் வழியா உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேருது. சினைப்பருவத்துல இருக்கிற பெண் பன்றி அதை மோந்தா அப்படியே அசையாம நிக்கும். இதை ஸ்ப்ரே டப்பாவுல அடைச்சே பண்ணைகளுக்கு விக்கிறாங்க. பெண் பன்றி மூக்குகிட்ட அடிச்சுட்டு முதுகை அழுத்துவாங்க. நின்னா, ஊசி போடுற நாள் வந்தாச்சு.

இந்த மாதிரி ரசாயனச் சேதியைப் படிக்க நிறைய விலங்குகளுக்கு மூக்குக்குள்ள தனியா இன்னொரு உறுப்பு இருக்கு. பன்றிக்கும் இருக்கு. அதுதான் இந்த வேலையைச் செய்யுதுன்னு எல்லாரும் நெனச்சாங்க. 1997-ல அந்த வழியை அடைச்சு வெச்சே சோதிச்சுப் பார்த்தாங்க. பெண் பன்றி அப்பவும் நின்னுச்சு. வழக்கமான மூக்கே போதும்.

இதே பொருள் நம்ம மூக்குல படுற கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிலருக்கு மூத்திர நாத்தம், சிலருக்கு வெனிலா, சிலருக்கு ஒண்ணுமே தெரியாது. ஓஆர்7டி4ங்கிற ஒரே ஒரு மரபணு ஆளுக்கு ஆள் மாறுறதுக்கு இதுல பெரிய பங்கு இருக்குன்னு 2007-ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. ஒரே ஆண்ட்ரோஸ்டீனோன், உங்க ரூம்மேட்டுக்கு வேற வாசனை!

சரி, இதெல்லாம் எதுக்கு? உங்கள்ல பல பேர் ஊர்ல அப்பா அம்மா வேர்க்கடலையோ நெல்லோ போட்டிருப்பாங்க. காட்டுப்பன்றி ஒரு ராத்திரியில கிளறிப் போட்டா, மூணு மாச உழைப்பு போச்சு. அதுக்கு ஊர்ல பண்ற வைத்தியம் பாதி மூக்கை நம்பினதுதான். சலூன்ல இருந்து முடி வாங்கி வரப்புல தூவுவாங்க, முட்டைக் கரைசல் அடிப்பாங்க, நாட்டுப் பன்றிச் சாணத்தைக் கரைச்சுத் தெளிப்பாங்க. சாணத்துக்குச் சொல்ற காரணம், 'வேற கூட்டத்தோட எல்லைன்னு நெனச்சுத் திரும்பிடும்'.

இங்கதான் எனக்கு இடிக்குது. பன்றி வாசனையால வேலி கட்டுறதில்லை. வளர்ந்த ஆண் தனியா திரியும். பெண்களும் குட்டிகளும் கூட்டமா போகும். ஒண்ணோட பாதை இன்னொண்ணு மேல ஏறிக் கிடக்கும். வாசனை சொல்றது 'உள்ளே வராதே' இல்லை, 'நான் வந்துட்டுப் போனேன், எனக்குப் பருவம்' மாதிரி விஷயம். படிச்சிட்டு அது பாட்டுக்கு உள்ளே வரும். புது நாத்தம் கொஞ்ச நாள் தயங்க வைக்கும், உண்மை. ஆனா அந்த நாத்தத்துக்குப் பின்னால ஆபத்து எதுவும் வரலைன்னா பழகிடும். மழை பெஞ்சா அதுக்கு முன்னாடியே போயிடும்.

பழகின பிறகு மனுஷங்க அடுத்து எதுக்குப் போறாங்கன்னு பேப்பர்ல படிக்கிறோம்: திருட்டு கரன்ட் வேலி, அவுட்டுக்காய். பன்றிக்கு வெச்சதுல மாடு, யானை, சில நேரம் வெச்ச ஆளே சாகுறார். 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு எடுத்தது. காட்டு எல்லையில இருந்து 1 கி.மீ. வரைக்கும் பன்றி மேல கை வைக்கக் கூடாது, 1-ல இருந்து 3 கி.மீ. வரை பிடிச்சுக் காட்டுல விடணும், அதுக்கும் அப்பால் வந்தா வனத்துறை சுடலாம். வனத்துறைதான், நாம இல்லை.

அதனால ஊருக்குப் போன் பண்ணும்போது ஒண்ணு கேளுங்க. வரப்போரத்து மரத்துல முழங்கால் உயரத்துக்குக் காஞ்ச சேறு, கோரைப்பல் கீறல் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. அதுதான் அதுங்க வர்ற பாதை. கரைசலை வயல் பூரா தெளிக்காம அந்தப் பக்கம் அடிக்கட்டும், காய் பிடிக்கிறதுக்கு முன்னாடியே, வாரா வாரம் ஒண்ணை மாத்தி ஒண்ணு. கூடவே ராத்திரி ஆள் காவலும் வேணும். அப்பா 'பக்கத்துக் காட்டுக்காரர் வேலியில கரன்ட் விட்டிருக்கார்ப்பா, நாமளும் விடலாமா'ன்னு கேட்டா, ஷிஃப்டுக்கு லேட் ஆனாலும் பரவாயில்லை, போனை வெக்காம பேசுங்க.