கழுத்து வலிக்க ஒரு காவியம்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்துவிடும். பதினோரு நிலை, 192 அடி. அரசு முத்திரையில் இருப்பது இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் உள்ளே போனதும் தலையைத் தாழ்த்திவிடுகிறார்கள். வடபத்ரசாயி சன்னிதிக்குச் செல்லும் கோபால விலாச மண்டபத்தின் விதானத்தில் தசாவதாரமும் புராணக் காட்சிகளும் தேக்கில் செதுக்கப்பட்டிருப்பது பலர் கண்ணில் படுவதே இல்லை. பைனாகுலர் இருந்தால் கொண்டு போங்கள். பக்கத்துச் சரணாலயத்தில் மலை அணில் பார்க்க வந்தவர் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

காவியத்தைப் படமாகப் பார்ப்பது என்றதும் நமக்கு ராஜஸ்தான் மினியேச்சர் ஓவியங்கள்தான் ஞாபகம் வரும். அது நியாயமும்கூட. மேவார் ராணா முதலாம் ஜகத்சிங் வால்மீகி ராமாயணத்தைப் படங்களோடு எழுதச் சொன்னார். 1649 முதல் 1653 வரை நடந்த வேலை; நானூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். யுத்த காண்டத்தைத் தீட்டிய சாகிப்தீன் ஒரு முஸ்லிம், ஏடெழுதிய ஹீரானந்தர் சமணர். ஒரே தாளில் ஒரே ராமன் மூன்று நான்கு இடங்களில் நிற்பான். கண் நகர நகரக் கதையும் நகரும்.

அதே ஆண்டுகளில் மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவர் பெயரில் ஓர் அரண்மனை உண்டு. மேவார் ஏடு ராணாவும் அவரைச் சுற்றியிருந்த சிலரும் புரட்டிப் பார்ப்பதற்கானது. இங்கே காவியம் சுவரிலும் விதானத்திலும் தேரிலும் ஏறியது. திருவிழாக் கூட்டம் மொத்தமும் பார்க்கலாம். எனக்கென்னவோ இதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்து மதுரைக்குப் போகும். அதை அணிந்துதான் அழகர் வைகையில் இறங்குவார். மாலையின் பின்னாலேயே போய், அப்படியே அழகர்கோயில் வசந்த மண்டபத்தையும் பார்த்துவிடுங்கள். விதானத்தில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள், காட்சி காட்சியாக, தமிழ்க் குறிப்புகளோடு. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்திலும் படத்தோடு எழுத்து உண்டு. வரைந்தவர்களுக்குப் பார்க்க வருகிறவர்கள் மேல் அவ்வளவு அக்கறை.

சிதறிக் கிடந்த மேவார் ஏடுகளை பிரிட்டிஷ் நூலகமும் மும்பை அருங்காட்சியகமும் 2014-ல் இணையத்தில் ஒன்றாகச் சேர்த்தன. கோபால விலாசத்தின் பலகைகளையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, இன்ன காட்சி என்று எழுதி, மண்டப வாசலில் ஒரு தட்டி வைத்தால் போதும். ஒரு கல்லூரி வரலாற்றுத் துறையும் ஒரு நல்ல கேமராவும் சேர்ந்தால் முடிகிற வேலை.