பூ எங்கேடா?

மொட்டை மாடித் தொட்டியில் பிரம்ம கமலம் பூத்திருந்தது. (இமயமலை பிரம்ம கமலம் வேறு, இது சப்பாத்திக் கள்ளிக்கு உறவுக்காரச் செடி. பேர் ராசி!) ராத்திரி மலர்ந்தால் விடிவதற்குள் வாடிவிடும். முழங்கால் வலிக்கார அம்மாவால் மாடி ஏற முடியாது. செல்போனில் படமெடுத்து வந்து நீட்டினேன்.

''பூ எங்கேடா?''

வாட்டர் டேங்க், கொடியில் என் பனியன், கேபிள் ஒயர்... மூலையில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதுதான் ஸார் பூ!

சமாளிப்போம் என்று சுற்றிலும் வெட்டினேன். பி.காம். மூளை கணக்குப் போட்டது. 4000க்கு 3000 என்று 12 மெகா பிக்ஸல் படம். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டினால் மிஞ்சுவது 6 இல்லை, 3தான்! நானோ அதற்கு மேலும் வெட்ட, பூ நனைந்த பஞ்சாகிவிட்டது.

மறுபடி மாடிக்கு ஓட்டம். முதலில் பனியனை அப்புறப்படுத்தினேன். ஜூம் பண்ணவில்லை (டிஜிட்டல் ஜூமும் வெட்டல்தான்). காலால் நடந்து கிட்டே போனேன். மண்டி போட்டதும் டேங்க் மறைந்து, பூவுக்குப் பின்னால் வெறும் இருட்டு வானம். நட்டநடுவில் வைக்காமல், மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்து, பூ பார்க்கிற பக்கம் காலி இடம் விட்டேன். ரெண்டு பக்கமும் டேலி ஆக இதென்ன பேலன்ஸ் ஷீட்டா? மனைவி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க, இதழின் நரம்புகூட எழுந்து நின்றது.

இந்தத் தடவை வெட்டியது, ஓரத்தில் நீட்டிய இலை நுனியை மட்டும்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

''இதழ் ஓரத்துல எறும்பு ஊருதுடா. போய்த் தட்டி விடு!''