சிலந்தி கடித்ததென்று இருந்துவிடாதீர்கள்

எமது ஊர்களில் உடம்பில் கொப்புளம் போட்டாலும், கட்டி எழும்பினாலும், விடியப்புறம் தோல் சிவந்து எரிந்தாலும் முதலில் வரும் சொல் "சிலந்தி கடிச்சிட்டுது" என்பதுதான். கடிக்காவிட்டால் மூத்திரம் பெய்தது என்போம். அந்தச் சிலந்தியைக் கண்டவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஒருவகைக் கட்டிக்கே தமிழில் சிலந்தி என்ற பெயர் இருப்பதும் இந்த எண்ணத்தை இறுக்கிவிட்டது.

சுவரில் ஓடித்திரியும் பெரிய சிலந்திகள் கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்பவை. மனிதரைத் தேடிவந்து கடிப்பதில்லை. அவற்றின் மூத்திரத்தால் கொப்புளம் வருவதுமில்லை. உடம்பின் ஒரு பக்கத்தில் வரிசையாக, நெருப்பாய் எரியும் கொப்புளங்கள் பெரும்பாலும் அக்கி. கொப்புளிப்பான் வந்துபோன உடம்பில் ஒளிந்திருந்த கிருமி, உடல் பலம் குறையும்போது திரும்ப எழும்புகிறது. முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. கண்ணருகே வந்தால் ஒருநாளும் பொறுக்கக்கூடாது.

பயப்பட வேண்டிய சிலந்தியும் உண்டு. வடக்கில் மரப்பொந்துகளிலும் பழைய கட்டடங்களிலும் வாழும் புலிமுகச் சிலந்தி அது. 2009இல் மாங்குளத்தில் கண்டெடுக்கப்பட்ட ஒன்றை ஆராய்ந்து, புதிய இனம் என அறிவித்தார்கள். கால்களை விரித்தால் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் வரும். ஆய்வாளர்களுக்கு உதவிய மைக்கல் ராஜகுமார் புராஜா என்ற பொலிஸ் பரிசோதகரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இவ்வகைச் சிலந்தி கடித்தால் கடும் வலியும் வீக்கமும் வரும், தசைப்பிடிப்புச் சில நாட்கள் நீடிக்கலாம். வைத்தியசாலைக்குப் போகவேண்டியதுதான். ஆனால் உயிர் போகும் என்று அலறத் தேவையில்லை.

உயிருக்கு ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 1990இல் இடம்பெயர்ந்து, இருபது இருபத்தைந்து வருடங்களின் பின் வலிகாமம் வடக்கில் காணி திரும்பக் கிடைத்த பெண்கள் பலர் பற்றைகளைத் தாங்களே வெட்டித் துப்புரவாக்கினார்கள். அப்படி ஒரு அக்காவுக்கு மார்பின் கீழ் கறுத்த பொருக்கு ஒன்று. வலி இல்லை, ஆனால் காய்ச்சல் விடவில்லை. சிலந்தி என்று நான்கு நாள் பார்வை பார்த்திருக்கிறார். "அந்த இடத்தை எப்படிப் பிள்ளை ஆம்பிளை டொக்டருக்குக் காட்டுறது?" என்று என்னிடம் கேட்டார். வைத்தியசாலையில் அது உண்ணிக்காய்ச்சல் என்றார்கள். பற்றையிலுள்ள மிகச் சிறிய உண்ணி கடித்த இடத்தில், சுருட்டால் சுட்டதுபோல் பொருக்கு விழும். அக்குள், அரை, மார்பின் கீழ் போன்ற மறைவிடங்களில்தான் கூடுதலாக இருக்கும். டொக்சிசைக்கிளின் போன்ற மருந்தால் அந்த அக்காவுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பிந்தினால் சுவாசப்பையும் மூளையும் பாதிக்கப்படலாம். காய்ச்சலோடு போகும்போது பொருக்கு இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெண் வைத்தியரையோ தாதியையோ கேட்பதில் வெட்கமில்லை. கர்ப்பிணியென்றால் அதையும் சொல்லவேண்டும், மருந்து மாறும்.

இன்னொன்று இதைவிட அவசரம். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் இரவில் ஏதோ கடித்ததென்று எழும்புகிறார். வலி குறைவு, அடையாளமும் தெரியவில்லை. பூச்சியோ சிலந்தியோ என்று திரும்பப் படுத்துவிடுகிறார். கட்டுவிரியன் கடி இப்படித்தான் இருக்கும். சில மணி நேரத்தில் வயிற்றுவலி வரும், கண்ணிமை தொங்கும், விழுங்கவும் பேசவும் கஷ்டமாகும், பிறகு மூச்சு நிற்கும். விடியட்டும் என்று பார்த்திருக்க நேரமில்லை. பார்வை பார்ப்பவரிடம் போய்ச் சுற்றும் நேரமும் அந்த உயிரின் நேரம்தான். வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

ஆண்துணை இல்லாத வீட்டில் நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்பீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கைத்தொலைபேசி இல்லாதவர் அயலில் யாரிடம் இருக்கிறதென்று இன்றே பேசி வையுங்கள். நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிப் படுத்தால் பாம்பும் மட்டத்தேளும் உள்ளே வருவது கடினம், சிலந்தியும்தான்.