பெண்ணையாற்றின் பழைய பத்திரம்

களமருதூரில் இருந்து திருக்கோவிலூர் போகிறவர்கள் அங்கே தென்பெண்ணையாற்றைப் பார்ப்பார்கள். மழைக் காலத்தில் இரு கரையும் தொட்டு ஓடும். கோடையில் வெறும் மணல்!

இந்த ஆற்றுக்கு ஒரு பத்திரம் இருக்கிறது. அதன் வயது 130-க்கு மேல். அந்தப் பத்திரத்தில் ஒரு சிறிய ஆற்றின் பெயர் இல்லை. அதனால் வந்ததுதான் வழக்கு.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் எல்லா ஆறுகளுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. கோமுகியும் மணிமுத்தாறும் கல்வராயன் மலையில் பிறப்பவை. மலையும் இங்கே, ஆறும் இங்கே. தென்பெண்ணை அப்படி அல்ல. அது கர்நாடகத்தில், நந்தி மலையில் பிறக்கிறது. ஓசூர் பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை இரண்டையும் தாண்டித்தான் திருக்கோவிலூரை எட்டுகிறது.

மைசூரும் சென்னையும்

1892-ல் மைசூரில் மன்னர் ஆட்சி. சென்னையில் வெள்ளைக்காரர் ஆட்சி. மைசூரார் பழைய ஏரிகளைப் பழுது பார்க்கவும், புதிய ஏரிகள் வெட்டவும் விரும்பினார்கள். மேலே தேக்கினால் கீழே உள்ள குடியானவர் கதி என்ன என்று சென்னை சர்க்கார் கவலைப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி ஒப்பந்தம் ஆயிற்று.

அதில் 15 பெரிய ஆறுகளின் பெயர்கள் இருந்தன. காவிரி, பாலாறு, துங்கபத்திரை ஆகியவற்றோடு தென்பெண்ணையும் ஒன்று. சென்னையின் சம்மதம் இல்லாமல் இந்த ஆறுகளில் மைசூர் புதிய அணை கட்டக்கூடாது. சென்னையும் சும்மா மறுத்துவிட முடியாது. கீழே ஏற்கெனவே பாசன உரிமை பெற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே மறுக்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு அதில் இல்லை! அளவு சொல்லாமல் பாகம் பிரித்தால் அண்ணன் தம்பிக்குள்ளேகூடச் சண்டை வருமே!

சிந்து நதி

இந்தியாவும் பாகிஸ்தானும் வேறு வழியில் போயின. 1948 ஏப்ரல் 1-ந் தேதி இந்தியப் பஞ்சாப், பாகிஸ்தானுக்குப் போகும் கால்வாய்களை அடைத்தது. அந்தத் தகராறைத் தீர்க்க உலக வங்கி நடுவில் வந்தது. 1960 செப்டம்பர் 19-ந் தேதி கராச்சியில் நேருவும் அயூப்கானும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் தண்ணீரைப் படி போட்டு அளக்கவில்லை. ஆறுகளையே பிரித்துக் கொண்டார்கள்! ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், சீனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1965-லும் 1971-லும் யுத்தம் நடந்தது. ஒப்பந்தம் உடையவில்லை. 2025 ஏப்ரலில், பகல்காம் தாக்குதலுக்குப் பிறகு, இந்தியா அதை நிறுத்தி வைத்தது.

பெண்ணையாற்றை அப்படி வெட்டிப் பிரிக்க வழி இல்லை. ஓடுவது ஒரே ஆறு.

ஒரு பெயருக்காக வழக்கு

கோலார் மாவட்டம் வறண்ட சீமை. அங்கே குடிதண்ணீருக்காக, பெண்ணையாற்றின் உபநதியான மார்க்கண்டேய நதியில், யார்கோள் என்ற இடத்தில் கர்நாடகம் அணை கட்டியது. அரை டி.எம்.சி. பிடிக்கும் அணை. 2018-ல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

"மார்க்கண்டேய நதி அந்த 15 பெயர்களில் இல்லையே" என்பது கர்நாடகத்தின் கட்சி. "உபநதி இல்லாமல் ஆறு ஏது?" என்பது தமிழ்நாட்டின் கட்சி. இரண்டு பக்கமும் தாகம் உண்மைதான். ஆனால் ஓடைகளை ஒவ்வொன்றாக மறித்துவிட்டால், பத்திரத்தில் பெண்ணையாறு என்ற பெயர் மட்டும் இருந்து என்ன பயன்?

2019 நவம்பர் 14-ந் தேதி, அணைக்குத் தடை கேட்ட மனுவைக் கோர்ட்டு தள்ளிவிட்டது. நடுவர் மன்றம் வேண்டும் என்று மத்திய சர்க்காரிடம் கேட்கலாம் என்றது. தமிழ்நாடும் கேட்டது. பேச்சு வார்த்தைகள் நடந்தன. அதற்குள் யார்கோள் அணை கட்டி முடிந்து, நிரம்பியும் விட்டது.

திருக்கோவிலூர் பக்கத்துக் குடியானவர்கள் பத்திரத்தைப் பார்த்ததில்லை. சாத்தனூர் மதகு எப்போது திறக்கும் என்றுதான் கேட்கிறார்கள்.